கஷ்டம் ஏதாவது இருக்கா சார்?

அமெரிக்காவில் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று நான் உலகத்துக்கு அறிவித்தது 2014 பிப்ரவரியில். அறிவித்த இடம், ஆபீஸுக்கு எதிரே உள்ள டீக்கடை. "அங்கே போய் என்ன படிப்பே?" என்றான் சக குமாஸ்தா. "மேனேஜ்மென்ட்." "முதல்ல இந்த டீக்கு சில்லறையை மேனேஜ் பண்ணு" என்று எழுந்து போய்விட்டான்.

நான் பி.காம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்துவிட்டு பி.காம். சேர்ந்தவன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள், பின்னால் வருகிறது. பி.காம்.காரனுக்கு அமெரிக்காவில் முதல் தொல்லை, எண்ணிக்கை. அங்கே பள்ளியும் பட்டமுமாகப் பதினாறு வருஷப் படிப்பு. நமக்கு 10+2+3, பதினைந்து. ஒரு வருஷம் உதைக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் இதைச் சொல்லியே கதவைச் சாத்திவிடும். வேடிக்கை என்னவென்றால், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் போன்ற உச்சாணிக் கொம்புகள் மூன்று வருஷப் பட்டத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஆக, சுமாரான இடத்தில் எனக்குத் தகுதி இல்லை. உயர்ந்த இடத்தில் இருக்கிறது! இந்த லாஜிக்கில் மயங்கித்தான் இறங்கினேன்.

ஜிமேட் என்று ஒரு பரீட்சை. இப்போது, 2023 முதல், அதை இரண்டேகால் மணி நேரமாகச் சுருக்கிக் கட்டுரையையும் எடுத்துவிட்டார்கள். புண்ணியவான்கள். என் காலத்தில் மூன்றரை மணி நேரம். கட்டணம் 250 டாலர், அன்றைய கணக்கில் பதினைந்தாயிரம் ரூபாய். உள்ளே நுழையும்போது உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்வார்கள். கைரேகை ஜோசியம் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன்.

பரீட்சையின் விஷமம் என்னவென்றால், நீங்கள் சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வியைக் கஷ்டமாகக் கொடுக்கும். தப்பாகச் சொன்னால் சுலபமாகக் கொடுக்கும். எனவே திடீரென்று ஒரு சுலபமான கேள்வி வந்தால் வயிற்றைக் கலக்கும். 'ஐயோ, இது எனக்குத் தெரிகிறதே!' என்று வியர்த்துப்போய் உட்கார்ந்த ஒரே பரீட்சை அதுதான். 800க்கு 710 வந்தது. வீட்டில் சொன்னேன். "மீதி தொண்ணூறு எங்கே போச்சு?" என்றார் அப்பா.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். மேனேஜரிடம் போனேன். கம்ப்யூட்டரில் அவரே நிரப்ப வேண்டிய படிவம். 'உங்களிடம் வேலை பார்த்தவர்களில் இவர் முதல் 2 சதவீதத்தில் வருவாரா, 5 சதவீதத்திலா?' என்று கேட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னப்பா ரெண்டு பர்சென்ட்? நம்ம செக்‌ஷன்ல மொத்தமே பன்னிரண்டு பேர். ரெண்டு பர்சென்ட்னா உன் கால் பெருவிரல்கூட வராதே!"

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பு நின்ற இடம் கட்டுரை.

மார்க் மட்டும் போதாது. 700க்கு மேல் வாங்கியவர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் அந்த வருஷங்களில் சுமார் 400 இடம்; விண்ணப்பம் 7,000க்கு மேல். ஆகவே 'நீ யார்?' என்று கேட்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல வருஷமாகக் கேட்டுவரும் கேள்வி, உனக்கு எது மிக முக்கியம், ஏன் என்பது. டி.டி.எஸ். ரிட்டர்னைத் தேதிக்குள் போடுவது என்று நேர்மையாக எழுதலாமா?

தி.நகரில் ஒரு கன்சல்டன்ட் நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு உட்காரவைத்தார். முதல் கேள்வியே, "கஷ்டம் ஏதாவது இருக்கா சார்?"

"மாசக் கடைசியில கொஞ்சம்..."

"அது இல்லை சார். பெரிசா. வெள்ளம், தீ விபத்து, குடும்பத்துல வீழ்ச்சி... கதை வேணும் சார். கதை இல்லாம அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்."

யோசித்தேன். இருந்தது. கும்பகோணத்தில் அப்பா வைத்திருந்த எவர்சில்வர் பாத்திரக் கடை 2003ல் மூடப்பட்டது. கல்யாண சீசனில் கடனுக்குக் கொடுத்த சரக்கெல்லாம் வசூலாகவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயசு. கன்சல்டன்ட் கண்ணில் பல்பு எரிந்தது. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!"

எழுதினேன். 'என் தந்தையின் வியாபாரம் திவாலானது. அவருடைய தோல்வியிலிருந்து நான் விடாமுயற்சியைக் கற்றேன். என்னை நானே உருவாக்கிக்கொண்டேன்' என்கிற ரீதியில் ஐந்நூறு வார்த்தை. படித்துப் பார்த்து எனக்கே தொண்டை அடைத்தது. நங்கநல்லூர் வீட்டில் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், அப்பா லிஃப்கோ டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். விரலால் வரி வரியாக. நான் ஈரத்தலையோடு நின்றேன்.

"இது என்னடா, பாங்க்ரப்ட்?"

"அப்பா, அது சும்மா ஒரு..."

"பாங்க்ரப்ட்னா மஞ்சக் கடுதாசி. நான் மஞ்சக் கடுதாசி கொடுத்தவன்னு அமெரிக்காக்காரன்கிட்ட எழுதியிருக்கே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பிள்ளையின் பரீட்சைத் தாளில் தப்பு காட்டுகிற மாதிரி சொன்னார். நான் பி.காம். திவாலுக்கும் கடை மூடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாடமாகவே படித்தவன்.

எழுந்து போய்ப் பரண் மேலிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டை எடுத்து வந்தார். தூசி தட்டினார். கடைசிப் பக்கங்களைத் திறந்தார். பதினொரு பேர். சேலத்துக்காரர், சவுகார்பேட்டை மொத்த வியாபாரி, இன்னும் யார் யாரோ. கடை மூடியதற்கு அப்புறமும் ஒவ்வொரு மாதமும் ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம் என்று பற்று எழுதியிருந்தது. ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளையாகப் போனாரே, அந்தச் சம்பளத்திலிருந்து. ஒரு வரியில் 'வளையல் ஜோடி ஒன்று' என்றிருந்தது. அம்மாவின் கை ஞாபகத்துக்கு வந்தது. பதினோராவது பெயருக்கு எதிரே நேராகக் கோடு போட்டு, 2009 ஜனவரி தேதி.

"ஒருத்தனுக்கும் பாக்கி வைக்கலை" என்றார்.

2006 ஜூன் மாதப் பக்கத்தில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. மற்ற மாதங்களைவிடப் பெரிய தொகை. சேலத்துக்காரருக்கு, நாற்பதாயிரம்.

"நீ இன்ஜினீயரிங் கேட்டே. சீட்டு எடுத்த பணம் கையில இருந்தது. அவர் பொண்ணு கல்யாணம் வெச்சிருந்தார். அவருக்குக் கொடுத்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

எட்டு வருஷமாக நான் மனசுக்குள் வைத்திருந்த கணக்கு வேறு. கையாலாகாத அப்பா, அதனால் பி.காம்., அதனால் குமாஸ்தா வேலை, அதையும் மீறி நான். அந்தக் கட்டுரையே அந்தக் கணக்கின் இங்கிலீஷ் காப்பிதான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன். தலை காய்ந்து வெகுநேரமாகியிருந்தது. நியாயமாகக் கோபம்கூட வந்திருக்கலாம், என் படிப்பை எடுத்து யாரோ பெண்ணுக்குக் கல்யாணம் செய்திருக்கிறாரே என்று. கொஞ்சம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பற்று வரிகளைப் பார்த்த பிறகு அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டுரையைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். பதினொரு பேர், ஆறு வருஷம், ஒரு ஜோடி வளையல். அந்த 2006 ஜூன். என்னைப் பற்றிக் கடைசியில் இரண்டு வாக்கியம்தான் வந்தது. கன்சல்டன்ட் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதுல ஹீரோ உங்கப்பா சார். சீட்டு உங்களுக்கில்ல வேணும்?" நியாயமான கேள்வி. அப்படியே அனுப்பினேன்.

இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தேன். பெயர் வேண்டாம். ஒன்று உடனே கையை விரித்தது. இன்னொன்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. ஸ்கைப்பில் ஒரு அம்மாள், மேலே டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்திருந்த என்னிடம், முக்கால்வாசி நேரம் பாத்திரக் கடையைப் பற்றியே கேட்டாள். பிறகு வெயிட்டிங் லிஸ்ட். நம்ம ஊர் ரயிலில் ஆர்.ஏ.சி.யாவது உட்கார இடம் தரும். இதில் அதுவும் கிடையாது. 2015 ஜூனில் நாசூக்காக ஒரு ஈமெயில்.

அன்று ராத்திரி அப்பா கேட்டார். "என்ன சொல்றான்?"

"இடம் இல்லைன்னுட்டான்."

"எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு?"

பரீட்சை பதினைந்து, விண்ணப்பம் இரண்டுக்கும் முப்பது, கன்சல்டன்ட் நாற்பது, புத்தகம் ஐந்து. "தொண்ணூறாயிரம்."

"திருப்பித் தருவானா?"

"தர மாட்டான்ப்பா."

"அப்ப அதை வரவேண்டிய பாக்கியில வெச்சுக்கிட்டு இருக்காதே. செலவுல எழுதிடு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.