பெரிய திரையும் பழைய நாடாவும்

1982 நவம்பர் 19 அன்று தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. அரங்கை அடுத்திருந்த லோதி காலனி அரசுக் குடியிருப்பில் எழுத்தர் ஒருவர் கடன்பட்டு ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தார். அக்கம்பக்கத்தார் அனைவரும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் அப்பு யானையைக் கண்டனர். 2010 அக்டோபர் 3 அன்று அதே அரங்கில் காமன்வெல்த் போட்டிகள் தொடங்கியபோது, ஓய்வுபெற்றுத் துவாரகாவில் மகனுடன் வாழ்ந்த அம்முதியவர் மகனை வற்புறுத்தி ஓர் எச்.டி. பெட்டி வாங்கச் செய்தார். தூர்தர்ஷனின் எச்.டி. அலைவரிசை அப்போட்டிகளுக்காகவே பிறந்திருந்தது. அரங்கின் மேல் மிதந்த ஹீலியம் பலூனையும் முரசறைந்தவர்களின் நெற்றி வியர்வையையும் கண்டு அவர் மகிழ்ந்தார்.

பன்னிரண்டே நாள்களில் போட்டிகள் முடிந்தன. துன்பம் அதன் பிறகுதான்.

எச்.டி.யில் படமாக்கிய நிகழ்ச்சிகள் கையிருப்பில் மிகக் குறைவு. அவையே சுற்றிச் சுற்றி வந்தன. எஞ்சிய பொழுதைப் பழைய ஒளிநாடாக்கள் நிரப்பின. பழைய தரத்தில் ஒரு படச்சட்டத்திற்கு 720க்கு 576 புள்ளிகள், எச்.டி.யிலோ 1920க்கு 1080. அஃதாவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. பழைய நாடாவைப் பெரிதாக்கி ஒளிபரப்பினால், திரையில் தெரிவதில் ஐந்தில் நான்கு பங்கு கருவி ஊகித்து இட்டு நிரப்பியதே. 4:3 சட்டத்தை 16:9 திரைக்கு இழுத்துவிட்டால் பாடுபவரின் முகமும் தம்பூராவின் குடமும் ஒருசேரப் பருத்துவிடும். (‘டெஃபனிஷன்’ என்பதைத் தமிழில் சிலர் ‘வரையறை’ என்றே பெயர்த்துவிடுகின்றனர். இங்கு அதன் பொருள் உருவின் விளிம்பு துலங்கும் தெளிவு. ஆயினும் எதை ஒளிபரப்புவது என்ற வரையறையே இல்லாத அலைவரிசைக்கு அப்பிழை பொருந்தத்தான் செய்கிறது.)

இதைப் பணப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலாது. ஆசியப் போட்டிகளின் ஆண்டில் வந்த வண்ணமும் ஒரு விழாவுக்காக அவசரமாக வந்ததுதான். ஆனால் ஈராண்டுக்குள், 1984இல், மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதிய ‘ஹம் லோக்’ தொடங்கி 156 பகுதிகள் ஓடியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் தோன்றிப் பேசுவதைக் கேட்க லோதி காலனிக் கூடத்தில் இரவு உணவு தள்ளிவைக்கப்பட்டது. 1988இல் ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ 53 பகுதிகளாக வந்தது. கருவியைத் தொடர்ந்து எழுத்தாளரும் இயக்குநரும் வந்தனர். 2010க்குப் பின் அத்தகைய ஒரு வரிசை உருவாகவில்லை. ஒளிப்பதிவுக் கருவிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரத் தெரிந்த ஓர் அமைப்புக்குக் கதை கேட்கும் பழக்கம் மறந்துபோயிருந்தது.

கையிலிருந்த செல்வத்தையேனும் எடுத்திருக்கலாம். ஒளிநாடாவில் பதிந்ததற்கு அதன் 576 கோடுகளுக்கு மேல் தருவதற்கு ஒன்றுமில்லை. படச்சுருள் அத்தகையதன்று, மூலச்சுருளிலிருந்து புதிதாக வருடி எடுத்தால் எச்.டி.க்கு வேண்டிய நுணுக்கம் அதில் உறங்கிக்கொண்டிருக்கும். பிரேம்சந்தின் கதையைக் கொண்டு சத்யஜித் ராய் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சத்கதி’ அத்தகைய படைப்பு. ஓம் புரி கோடரியால் பிளக்க முயலும் அந்தப் பிளவுபடாத மரக்கட்டையின் வரிகளை, பட்டினி கிடக்கும் அம்மனிதனின் கழுத்து நரம்பைத் தெளிவாகக் காண்பதற்கே ஒருவர் எச்.டி. பெட்டி வாங்கலாம். தேசிய அளவில் ஓர் அலைவரிசை, கட்டணமின்றி, அதைச் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்திருக்கக்கூடும். தனியார் அலைவரிசைகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அவற்றின் கணக்கு வேறு.

சில மாதங்களுக்குப் பின் முதியவர் மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “படத்தை இழுக்காமல் வைக்க முடியுமா?” மகன் அமைப்பை மாற்றினான். திரையின் இருபுறமும் கரும்பட்டைகள் தோன்ற, நடுவில், 1980களின் அகலத்திலேயே, ஒரு பாடகி தன் இயல்பான முகத்துடன் பாடத் தொடங்கினார். அவர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.