மாமல்லபுரம் வெயிலுக்கு ஒரு ஜில் கிண்ணம்!

சித்திரையில் மாமல்லபுரம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாவற்றையும் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். பத்து மணி தாண்டினால் பாறையும் மணலும் சேர்ந்து கொதிக்கும். குழந்தைகள் ஐஸ்க்ரீம் கேட்டு அடம்பிடிப்பார்கள். பெரியவர்கள் நிழலைத் தேடி உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த நேரத்துக்கு ஏற்ற ஒரு இனிப்பு, நம் கடலுக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிரபலம். குளிர்ந்த தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி, மேலே பழத்துண்டுகள். மலேசியாவில் தென்னஞ்சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்கள். ஹாங்காங்கில் மாம்பழம் சேர்ப்பார்கள். சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் கேட்டுப்பாருங்கள், உடனே சொல்வார்கள்.

ஜாவாவும் சதுரங்கப்பட்டினமும்

ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். அங்கே சவ்வரிசிப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கப்பல் வரத்து நின்றுபோக, 1940-களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலேயே முத்து உருட்டத் தொடங்கினார்கள். இன்று சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே அரை மணி நேரம் போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், உள்ளே அவர்களுடைய கல்லறைகளும் இருக்கின்றன. இந்தக் கரையில் நெய்த மெல்லிய துணிகளை அவர்கள் கப்பலேற்றினார்கள். கிழக்கே அவர்களுக்குத் தலைமையிடம் ஜாவாவின் பதாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டு இந்தக் கிண்ணத்தைச் சாப்பிட்டால் ருசி கூடும்!

பழத்துக்குப் பதில் நுங்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பனை ஓலை நிழலில் நுங்கு வெட்டும் அம்மாவிடம், "இளசா குடுங்கம்மா, பாயசத்துல போடணும்" என்றேன். சிரித்தார். "பாயசத்துலயா? இந்தா கண்ணு, விரல்ல அமுக்கினா தண்ணி குலுங்கணும், அதான் இளசு. மரம் ஏற ஆளு இருக்கிற வரைக்கும்தான் இதெல்லாம். எம் புள்ளைங்க ஏற மாட்டேன்னுட்டாங்க" என்றார்.

பனை நம் மாநில மரம். ஆனால் உயரமான மரத்தில் தினமும் ஏறி இறங்கும் வேலைக்கு அடுத்த தலைமுறை தயாராக இல்லை. பேரம் பேசாமல் ஒரு டஜன் நுங்கு வாங்குவது, நம்மால் முடிந்த சின்ன மரியாதை.

செய்வது இப்படி (ஐந்து பேருக்கு)

நைலான் ஜவ்வரிசி அரை கப் எடுத்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஆறு கப் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டுக் கிளறுங்கள். முத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும்போது அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் மூடிவையுங்கள். பிறகு வடிகட்டியில் கொட்டி, குளிர்ந்த நீரில் நன்றாக அலசுங்கள். பாயசத்துக்கு நாம் அலசுவதில்லை. அதனால்தான் ஆறியதும் கூழாகிறது. மேலே ஒட்டிய மாவு போய்விட்டால் முத்து முத்தாக நிற்கும்.

ஒரு தேங்காயைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கெட்டியான முதல் பால் எடுங்கள். அதைக் கொதிக்கவிட வேண்டாம், திரிந்துவிடும். முக்கால் கப் பனைவெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டி, முழுவதும் ஆறியபின் பாலில் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். ஜவ்வரிசியைச் சேர்த்து ஒரு மணி நேரம் குளிரவைத்து, தோல் உரித்த நுங்கு, இளநீர் வழுக்கை, மாம்பழத் துண்டுகளைப் போட்டுப் பரிமாறுங்கள்.

கவனிக்க

தேங்காய்ப்பால் வெயிலில் சீக்கிரம் கெடும். காரில் எடுத்துப்போவதானால் பாலையும் ஜவ்வரிசியையும் தனித்தனி டப்பாவில், ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். அன்றே முடித்துவிடுங்கள், மறுநாள் முத்து இறுகிவிடும். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான். சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பாட்டிக்கு இந்தக் கலவையில் ஒரு ஸ்பூன் போதும். கூடவே வெறும் நுங்கைத் தாராளமாகக் கொடுங்கள்.

ஆடி பிறந்தால் நுங்கு முற்றிவிடும். சேலத்து முத்தும் செங்கல்பட்டு நுங்கும் ஒரே கிண்ணத்தில் சேர்வது இந்தக் கோடையில்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே முயன்று பாருங்கள்!