கடைசிக் கட்டம்

என் அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். அரசு ஊழியர் கட்சியில் சேரக் கூடாது என்பது விதி. அப்பா ஒருபடி மேலே போய், யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, நியூயார்க்கில் குடியுரிமை வாங்கிய கையோடு நீட்டப்பட்ட வாக்காளர் படிவத்தில் கட்சிப் பெயர்களைப் பார்த்ததும் கூச்சமாகப் போய்விட்டது. கடைசியில், எந்தக் கட்சியிலும் சேர விருப்பமில்லை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்தேன். நடுநிலையாளன் என்ற பெருமை வேறு.

அதோடு நின்றிருந்தால் என்னோடு போயிருக்கும். 2014-இல் என் மாமியாருக்கும் குடியுரிமை கிடைத்தது. படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

“கட்சியெல்லாம் கேக்குறானே, என்ன மாப்பிள்ளை?”

“அதெல்லாம் நமக்கு எதுக்கு அத்தை” என்று அவருக்கும் அதே கட்டத்தில் டிக் அடித்தேன். மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார்.

நம் ஊரில் கட்சியில் சேர்வது என்றால் உறுப்பினர் அட்டை, சந்தா, கரை வேட்டி, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது. இங்கே இதெல்லாம் எதுவும் கிடையாது. அந்த டிக் மட்டும்தான். ஆனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில், அந்தக் கட்சிக்கு டிக் அடித்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். நாங்கள் இருக்கும் குயின்ஸில் பெரும்பாலான பதவிகளுக்கு ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். எனக்கு இது தெரியாது. வர்ஜீனியாவில் இருக்கும் நண்பர் 2016 மார்ச்சில் பிரைமரியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கதை சொன்னார். அங்கே படிவத்தில் கட்சி என்ற கேள்வியே கிடையாது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் ஹிலாரிக்குப் போடுவதாக முடிவுசெய்திருந்தார். “நம்ம ஊர்ல இந்திரா காந்தி, இந்த அம்மா எல்லாம் எப்பவோ வந்தாச்சு. இங்க இன்னுமா ஒரு பொம்பளை வரல?” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 19 காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில். மேஜையில் இருந்த பெண்மணி பட்டியலில் விரலை ஓட்டினார். மறுபடி மேலிருந்து ஓட்டினார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார், மாமியார் சொன்னார். பக்கத்து மேஜைப் பட்டியலையும் வாங்கிப் புரட்டினார். பின்னால் வரிசை நீண்டது. எங்கோ தவறு செய்திருக்கிறார்கள் என்று நான் குரலை உயர்த்தத் தயாராகிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி நிதானமாகக் கேட்டார்: “படிவத்தில் எந்தக் கட்சி போட்டீர்கள்?”

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பதில் தெரியும் என்ற நம்பிக்கையோடு பார்த்தார்.

உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். தகுதி இருந்தால் பிறகு எண்ணுவார்களாம். அவர் கவனமாக வட்டத்தை நிரப்பிக் கொடுத்தார். சில வாரம் கழித்து, உங்கள் ஓட்டு எண்ணப்படவில்லை என்று கடிதம் வந்தது. அதையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகுதான் விதியைத் தேடிப் படித்தேன். அந்த ஏப்ரல் தேர்தலுக்குக் கட்சி மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் முந்தைய ஆண்டு அக்டோபர் 9. அதுவரை பதிவே செய்யாதவருக்கோ மார்ச் 25 வரை நேரம் இருந்தது. நான் அவசரப்பட்டுப் பதிவுசெய்து கொடுக்காமல் இருந்திருந்தாலே அத்தை ஓட்டுப் போட்டிருப்பார்! இப்படிப்பட்ட நீண்ட கெடு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 1973-இல் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வேட்பாளர்களுக்கு வேறு வழி உண்டு. வேறு கட்சிக்காரராக இருந்தாலும், கட்சித் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு அனுமதித்தால் அந்தக் கட்சியின் பிரைமரியில் நிற்கலாம். 1947-இல் வந்த சட்டம். எங்கள் குயின்ஸைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி மாநில செனட்டர் மால்கம் ஸ்மித், குடியரசுக் கட்சியின் மேயர் வேட்பாளராக நிற்க அந்த அனுமதியை லஞ்சம் கொடுத்து வாங்கப் பார்த்து, 2013-இல் கைதாகிச் சிறைக்கே போனார். அவர் காசு கொடுத்து வாங்கத் துணிந்த கட்சிப் பெயரை எனக்கு இலவசமாக நீட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன்.

டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அதே கெடுவைத் தவறவிட்டு, அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள். ஆறுதலாக இருக்கட்டும் என்று இதை வீட்டில் சொன்னேன்.

“அவங்க வீட்டுலயும் மாப்பிள்ளைதான் ஃபாரம் நிரப்புனாரா?” என்றார் மாமியார்.

2019-இல் சட்டம் மாறி, கெடு அந்தந்த ஆண்டின் பிப்ரவரி 14 வரை தள்ளிப்போனது. மாமியார் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கடிதம் வந்த வாரமே என் மகளைக் கூப்பிட்டுப் புதுப் படிவம் நிரப்பச் சொன்னார். உதவிக்கு எழுந்த என்னைக் கையமர்த்திவிட்டு, “அப்படியே உங்க அப்பாவுக்கும் ஒண்ணு எடு. நான் சொல்றேன், நீ எழுது” என்றார்.