கார்தோனே பட்டறையில் ஒரு வின்செஸ்டர்

வின்செஸ்டர் ரைஃபிள் என்றதும் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் நினைவுக்கு வருவார். 1948இல் அவரைப் படைத்தவர்கள் இத்தாலியர்கள். அவர் தோளில் சாய்ந்திருக்கும் அந்த ரகத் துப்பாக்கியை இன்று புதிதாக வாங்கினாலும், அது இத்தாலியில் செய்ததாக இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் பிரேஷியாவுக்கு வடக்கே, மெல்லா ஆற்றங்கரையில் உள்ள கார்தோனே வால் திரோம்பியாவுக்குப் போனேன்.

மலையில் இரும்பு, ஆற்றில் நீர்விசை. ஊரே துப்பாக்கித் தொழிலில் வளர்ந்தது. வெனிஸ் ஆயுதச்சாலைக்கு 185 குழல்கள் விற்றதற்கான 1526ஆம் ஆண்டு ஆவணம் பெரெட்டா நிறுவனத்திடம் இருக்கிறது. 1959இல் ஆல்டோ உபெர்தி இங்கேதான் பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளின் பிரதிகளைச் செய்யத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய நேரம் அது. பின்னர் வின்செஸ்டரின் 1866, 1873 மாடல் லீவர் ரைஃபிள்களும் வந்தன.

நான் பார்த்தது பெரிய ஆலை அல்ல. பாகங்களை வாங்கிப் பொருத்தித் தரும் சிறு பட்டறை. பாகங்களைக் கடைவது கணினி இயந்திரங்கள். ஆனால் மரமும் இரும்பும் சேருமிடத்தில் இன்னும் கைதான் வேலை செய்கிறது. ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி, ரிசீவரின் வால்பகுதியில் விளக்குக் கரியைப் பூசி, வால்நட் கட்டைக்குள் அழுத்தி எடுத்தார். மரத்தில் கரி ஒட்டிய இடங்களை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டினார். மறுபடி கரி, மறுபடி அழுத்தம். தொடும் பரப்பு முழுக்க ஒரே சீராகக் கரி படியும்வரை அவர் நிறுத்தவில்லை. ஓரிடத்தில் மட்டும் தாங்கி நின்றால், சுடும்போது வரும் உதைப்பில் கட்டை பிளந்துவிடும் என்று விளக்கினார்.

அடுத்த மேசையில் லீவர். அதைக் கீழே தள்ளினால் முழங்கால்போல் மடங்கும் இணைப்பு பின்வாங்குகிறது, வெற்றுத்தோட்டா வெளியே தெறிக்கிறது, பித்தளைக் கட்டை அடுத்த தோட்டாவைக் குழலின் பின்வாய்க்கு நேராகத் தூக்குகிறது. மேசையில் இருந்தவர் போலித் தோட்டாக்களை ஓட்டிப் பார்த்து, உரசும் விளிம்புகளை அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். இறுகினால் சிக்கும், அதிகம் தேய்த்தால் பாகத்தையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் கௌபாய் பாணிச் சுடும் போட்டிகளை நடத்தும் சங்கம் 1987இல் உருவானது. அங்கே நொடியின் பின்னங்கள் வெற்றியைத் தீர்மானிப்பதால், லீவரின் ஓட்டத்தைக் குறைத்த மாடல்களும் இப்போது வருகின்றன. நியூ ஹேவன் வின்செஸ்டர் ஆலை 2006இல் மூடப்பட்டபோது பலர் இந்த ரகத்துக்கே முடிவுரை எழுதினார்கள். ஆனால் 2020இல் லீவர் ரைஃபிள் செய்யும் மார்லின் நிறுவனத்தை ரூகர் துப்பாக்கி நிறுவனம் வாங்கியது. 2024இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1854 என்ற புதிய லீவர் ரைஃபிளைக் கொண்டுவந்தது. இந்த மறுவரவுக்குத் திரைப்படங்களையும் பழமை மோகத்தையும் காரணம் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணம்தான். நடுவில் வந்த பல பத்தாண்டுகள் 1873ஐச் செய்யும் கைகள் இந்தப் பள்ளத்தாக்கில் ஓயாமல் இருந்தன. மீதிப் பாதி அதுதான்.

முடிந்த துப்பாக்கி ஊரிலேயே உள்ள தேசியச் சோதனைச் சாலைக்குப் போகிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தபின், முத்திரையும் சிறு கட்டத்துக்குள் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகளும் விழுகின்றன. குழலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. உலோகத்தில் சித்திரம் செதுக்குபவர்கள் தங்கள் வேலைக்குக் கீழே கையொப்பம் பொறிப்பதும் இங்கே வழக்கம். கரி பூசிச் சுரண்டிய அந்தப் பெண்மணிக்கு மட்டும் ஓர் எழுத்துகூட இல்லை. அடிக்கட்டையின் தகட்டுக்கு உட்புறத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. அங்கே அவர் பெயரைப் பொறிக்க வேண்டும்.