அட்டைப்பெட்டி, துணி, இருட்டு

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு நாள் குளத்தங்கரையில் திரிந்தால் போதும், ஊரார் நம்மைப் பறவை டாக்டர் ஆக்கிவிடுவார்கள். "அண்ணாச்சி, கொக்கு ஒண்ணு கரண்டு கம்பில அடிபட்டுக் கெடக்கு, வாங்க." கொக்கு என்றால் கொக்காகத்தான் இருக்கும் என்றில்லை. மடையான், நாரை, அரிவாள் மூக்கன் என எதுவாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்தால் சுற்றிலும் கூட்டம். ஒருவர் அலகைப் பிளந்து பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பார். இன்னொருவர் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக்கொண்டு வருவார். மூன்றாமவர் வீடியோ எடுப்பார். மூவரில் பறவைக்குக் குறைந்த கெடுதல் செய்பவர் வீடியோக்காரர்தான்.

*

தண்ணீர் ஏன் கூடாது? பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. மயங்கிக் கிடக்கிற பறவைக்கு விழுங்கத் தெம்பிருக்காது. ஊற்றுகிற தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கும். நமக்குப் புரையேறினால் தலையில் தட்டுவார்கள், இருமித் தள்ளிவிடுவோம். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, பலமாக இரும வழியில்லை. பால் அதைவிட மோசம். பாலைச் செரிக்கிற சங்கதியே அதன் வயிற்றில் இல்லை. பிரெட், சோறு, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். முதல் சில மணி நேரம் எதுவும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. எண்ணெய் வைத்தியமும் வேண்டாம். இறகில் எண்ணெய் ஏறினால் அதன் நீர் காப்பும் சூடு காப்பும் போய்விடும்.

பிடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. பறவை மார்பெலும்பை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. உள்ளங்கைக்குள் கெட்டியாகப் பொத்தி வைத்தால் மூக்கு வாய் எல்லாம் திறந்திருந்தும் மூச்சு முட்டிச் சாகும். சிட்டுக்குருவி கையிலேயே செத்துப்போனால் "பயந்து செத்துட்டு" என்பார்கள். பல சமயம் பயம் மட்டுமே காரணம் இல்லை.

*

கடையேழு வள்ளல்களில் பேகன் மயிலுக்குப் போர்வை போர்த்திய கதையைப் பட்டிமன்றத்தில் இன்னும் கேலி செய்கிறார்கள். மயிலுக்கு எதற்குப் போர்வை? அது அடிபட்ட மயிலாக இருந்திருந்தால் பேகன் செய்தது கச்சிதமான முதலுதவி. துணியை மேலே போட்டுக் கண்ணை மறைத்ததும் படபடப்பு பாதியாக அடங்கிவிடும். மீதியை இருட்டும் அமைதியும் பார்த்துக்கொள்ளும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் வழுக்காமல் இருக்க ஒரு பழைய துண்டு, மேலே மூடி. இரும்புக் கூண்டு ஆகாது, கம்பியில் மோதி இறகை முறித்துக்கொள்ளும். பழக்கடையில் கேட்டால் ஆப்பிள் பெட்டி தருவார்கள், ஓட்டையோடே வரும்.

பறவையின் உடற்சூடு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். அடிபட்ட அதிர்ச்சியில் அது இறங்கும். ஆகவே வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வை, பல்பு போட்டுச் சூடு காட்டு என்று மேல்நாட்டுக் கையேடுகள் சொல்கின்றன. மார்கழிக்கும் மழைக்காலத்துக்கும் சரி. சித்திரை வெயிலில் அலகைத் திறந்து இரைக்கிற பறவைக்குச் சூடு காட்டினால் கொலை. அதற்கு நிழலும் காற்றோட்டமும்தான் மருந்து. கையேட்டைப் படிக்கும்போது எந்த ஊர்க்காரர் எழுதியது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

மடையான் ஒன்று, காலில் தூண்டில் நரம்பு. வாய்க்கால் ஓரத்தில் வேலிக்காத்தானில் நரம்பு மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம், இறக்கை விரித்தால் பளீரென்று வெள்ளை. அந்த வெள்ளைதான் காட்டிக்கொடுத்தது. நரம்பு கணுக்காலைச் சுற்றிச் சுற்றித் தோலுக்குள் புதைந்திருந்தது. அதற்குக் கீழே விரல்கள் கறுத்து வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தன. மேலே கால் வெதுவெதுப்பாக இருந்தது. நரம்பை இழுக்கக் கூடாது. நகம்வெட்டியின் நுனியை உள்ளே நுழைத்து ஒவ்வொரு சுற்றாக நறுக்க வேண்டும்.

இந்த இனத்தைப் பிடிக்கிறவர்கள் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுருட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். நாம் குனிந்ததும் ஈட்டிபோல நீட்டும். எங்கே மினுங்குகிறதோ அங்கே குத்தும், அதாவது நம் கண்ணில். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. முதலில் தலைக்குப் பின்னால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். பருந்து, வல்லூறு, ஆந்தைக்கு அலகை விடக் கால்தான் ஆயுதம். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு ஒரு லாபம் உண்டு.

*

இறக்கை தொங்கினால் வீட்டில் குச்சி வைத்துக் கட்டாதீர்கள். உடம்போடு ஒட்டியிருக்கிற மேல் எலும்பு உள்ளே பொள்ளலானது. அது மூச்சுப் பைகளோடு சேர்ந்தது. அங்கே எலும்பு வெளியே தெரிகிற காயம் என்றால் கழுவுகிற தண்ணீர் மூச்சுக்குள்ளேயே போகும். பறவை எலும்பு மூன்று வாரத்துக்குள் கூடிவிடும். இது வரமும் சாபமும். கோணலாகக் கூடிவிட்டால் பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்வதற்கில்லை. "ரெண்டு நாள் பாப்போம்" என்று மாட்டாஸ்பத்திரிக்குப் போகாமல் வைத்திருப்பது அதன் பறத்தலை வைத்து ஆடுகிற சூதாட்டம்.

பூனை கவ்விய பறவை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருந்து வேண்டும். பல் பட்ட துளை இறகுக்குள் ஒளிந்திருக்கும். பூனை வாயில் இருக்கிற கிருமி இரண்டு நாள் கூடத் தவணை தராது.

*

மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. வலிக்கு நாம் போட்டுக்கொள்கிற மாத்திரையில் கால் துண்டைப் பொடித்து வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். டைக்ளோஃபினாக் கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாட்டுக்குப் போட்ட அந்த ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. வெண்முதுகுக் கழுகு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. காரணம் 2004இல்தான் வெளியாயிற்று. 2006இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் என்ற மருந்துதான் மாற்றாக வந்தது. அதன் அளவைக்கூட எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

*

மாஞ்சா. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பட்டம் விடுகிற நைலான் மாஞ்சா நூலை 2017இல் நாடு முழுக்கத் தடை செய்தது. தடைக்கும் அந்த நூலுக்கும் இடையில் அறுபடுவது இன்னும் பருந்தின் இறக்கைதான். டெல்லியில் நதீம், சவுத் என்ற அண்ணன் தம்பி. சின்ன வயதில் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். மாமிசம் தின்கிற பறவைக்கு இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் சோப்பு டிஸ்பென்சர் செய்கிற தங்கள் தொழிற்கூடத்தின் கீழ்த்தளத்திலேயே பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். தசை, தசைநார் பற்றிய பாலபாடம் அவர்களுக்கு உடற்பயிற்சிப் பத்திரிகைகளிலிருந்து வந்தது. ஷௌனக் சென் 2022இல் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் அவர்களைப் பற்றியது. குணமான பறவைகளைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிற படமல்ல அது. கறி வாங்கவும் கட்டடத்துக்கும் பணம் தேடுகிற படம். எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

*

கூந்தன்குளம். நாங்குநேரி வட்டத்தில், 1994இல் சரணாலயம் ஆன குளம். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. காற்றடித்தால் குஞ்சுகள் முற்றத்தில் விழும். விழுந்த குஞ்சுகளுக்கு மீன் போட்டு வளர்த்தவர்கள் என்று பால்பாண்டி, வள்ளித்தாய் தம்பதியை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கூழைக்கடாக் குஞ்சுக்கு வயிறு நிறைய மீன் வாங்கிக் கட்டுப்படியாகுமா என்று யோசித்துப் பார்த்தால்தான் அந்த வேலையின் கனம் விளங்கும்.

குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்து வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வருவது. 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததாகக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்தது வயலில் தளர்ந்து கிடந்தால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் நான் கை வைக்காதீர்கள் என்று சொல்கிற இடம் இது. இறக்கையில் காயம் தெரிகிற ஒற்றை வாத்து வேறு. காயமே இல்லாமல் கழுத்துச் சுழன்று, தள்ளாடி, பக்கத்தில் இன்னும் இரண்டு செத்துக் கிடந்தால் அது நோய். 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலில் சுமார் 6,000 நீர்ப்பறவைகள் செத்தன. 2021 தொடக்கத்தில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணையில் சுமார் 5,000. இரண்டு இடத்திலும் மிகுதியாகச் செத்தது இதே வரித்தலை வாத்துதான். தூர நின்று வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் போன் போடுங்கள். நாயையும் வீட்டுக் கோழியையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

காலில் உலோக வளையம் இருந்தால் எண்ணைக் குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம். வளையத்தைக் கழற்றி எடுத்துக்கொள்வது அந்தப் பறவையின் அடையாள அட்டையைத் திருடுவது.

*

தூக்கி வரவே கூடாதவை: பறக்கப் பழகுகிற குஞ்சுகள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தரையில் தத்தித் தத்திப் போனால் தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். பூனை வந்தால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

கோடையில் குயில் குஞ்சு வேறு. கறுப்புக் குஞ்சின் வாய்க்குள் காக்கை அலகை நுழைத்து ஊட்டும். கொத்துகிறது என்று நினைத்து, கல்லெறிந்து காக்கையை விரட்டி, குஞ்சைக் 'காப்பாற்றி'க் கொண்டுவந்துவிடுவார்கள். வளர்ப்புத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிய புண்ணியம்.

*

சட்டம்: காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972. அடிபட்ட காட்டுப் பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு எடுத்த கிளி குணமானபின் திண்ணையில் கூண்டில் தொங்குவது உபகாரம் இல்லை, குற்றம்.

*

குணமாயிற்று என்று எப்போது சொல்வது? பெட்டியிலிருந்து குதித்தால் போதாது. வல்லூறு இரையைத் துரத்த வேண்டும், திரும்ப வேண்டும், பிரேக் போட வேண்டும். கூகையை அந்தியில் விட வேண்டும்; பகலில் விட்டால் காக்கைகள் கிழித்துவிடும். வரித்தலை வாத்துக்கு இறக்கை கூடும்போது வைகாசி ஆகியிருந்தால் அதன் கூட்டம் எப்போதோ வடக்கே போயிருக்கும். தனியாக எங்கே போகும்? அடுத்த குளிர்காலம் வரை யாரோ காத்திருக்க வேண்டும். அதுவரை அது மனிதரோடு பழகிவிடவும் கூடாது. வாத்துக் குஞ்சுகள் பிறந்ததும் பார்த்தவரையே தாயென்று பின்தொடர்வதைக் காட்டிய கொன்ராட் லாரன்ஸுக்கு 1973இல் நோபல் கொடுத்தார்கள். நம்மோடு ஒட்டிக்கொண்ட பறவை வெளியே போனதும் நாயிடமும் நம்பி நிற்கும்.

சிலவற்றுக்கு வலியில்லாத ஊசிதான் மிச்சம். அதைச் சொல்கிற டாக்டரைக் கல்நெஞ்சக்காரர் என்று பேசுகிறார்கள். இரண்டு இறக்கையும் போன பருந்தைக் கோழிக்கூண்டில் வருஷக்கணக்கில் வைத்திருப்பதை என்னால் ஜீவகாருண்யம் என்று சொல்ல முடியவில்லை.

*

படிக்கிறவர்களுக்கு இரண்டு வேலை. உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணையும், பறவை பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணையும் இன்றைக்கே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். பறவை கையில் துடிக்கும்போது தேடினால் கிடைக்காது. குளத்தங்கரையிலோ மொட்டை மாடியிலோ தூண்டில் நரம்பும் மாஞ்சாவும் கிடந்தால் அப்படியே குப்பையில் போடாமல், பொடிப்பொடியாக நறுக்கிப் போடுங்கள்.