லண்டன் குருவி ஒன்று எனக்கு எடுத்த காது டெஸ்ட்

கொஞ்சம் நீளமான த்ரெட். பறவையில ஆரம்பிச்சு காதுல போய் முடியும். 50 வயசைத் தாண்டினவங்களும், டிவி சத்தத்துக்காக வீட்டுல சண்டை நடக்குறவங்களும் கடைசி வரைக்கும் வாசிங்க.

போன வருஷம் ஏப்ரல்ல மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தேன். எனக்கு வயது 56, திருச்சியில் பொது மருத்துவர். போன முதல் நாலு நாளும் விடியற்காலை 4 மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. அங்கே 4 மணி என்றால் நம்மூரில் காலை 8.30. உடம்பு ஓபிக்குக் கிளம்பத் தயாராகிவிடும்!

படுத்தபடியே கேட்டால் ஜன்னலுக்கு வெளியே ஒரே கச்சேரி. வெளிச்சமே வரவில்லை, அதற்குள் இத்தனை பாட்டு. அங்கே வசந்த காலத்தில் பகல் நீளும்போது, அந்தக் கூடுதல் வெளிச்சம் பறவையின் மூளையில் ஹார்மோன் சுரப்பைத் தூண்டுகிறது. ஆண் பறவைகள் 'இது என் இடம்' என்று பாட ஆரம்பிக்கும். பெட்டையைக் கூப்பிடுவதும் அதே பாட்டில்தான்.

மகள் என் போனில் மெர்லின் என்கிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. "அப்பா, இதை ஆன் பண்ணி கையில வச்சுக்கோங்க. எந்தப் பறவை பாடுதோ அதோட பேர் வரும்."

டாக்டர்களுக்குப் பறவை பார்ப்பது சீக்கிரம் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். நோயாளியை முதலில் கண்ணால் பார், பிறகு தொட்டுப் பார், தட்டிப் பார், கடைசியாக ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பறவையிடம் நடு இரண்டும் நடக்காது. பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான்.

நிறத்தை மட்டும் நம்பி டயக்னோஸ் பண்ணாதீங்க. அளவு, அலகு, வால், தரையில நடக்குதா தத்துதா, எங்கே உட்காருது, எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. நான் நிறத்தை நம்பி ஏமாந்தேன். ப்ளாக்பேர்டு ஆண் நல்ல கறுப்பு, அலகு மஞ்சள், கண்ணைச் சுற்றியும் மஞ்சள் வளையம். பக்கத்திலேயே ஒரு பழுப்புப் பறவை. மூன்று நாள் அதை வேறு இனம் என்று நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தேன். அது அவன் சம்சாரம்!

ராபினுக்கு நெஞ்சு ஆரஞ்சு நிறம். நகரத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் நடுராத்திரியிலும் பாடும். கழுத்தில் வெள்ளைத் திட்டோடு, புல்வெளியில் குண்டாக நடப்பது வுட் பிஜன். ஏப்ரலில் மரங்களில் இலை முழுசாக வந்திருக்காது, அதனால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கும் பறவைகள் கண்ணில் படும்.

கென்சிங்டன் கார்டன்ஸ் போனால் தலைக்கு மேல் 'கீ கீ' என்று பழகின சத்தம். நம்ம பச்சைக்கிளி! கழுத்தில் வளையத்தோடு அதே இனம். கூண்டிலிருந்து தப்பியவையும் திறந்து விடப்பட்டவையும் பெருகி இன்று லண்டன் முழுக்க இருக்கின்றன. குளத்தில் நம்ம தாழைக்கோழி, நாமக்கோழி இரண்டும். சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆறாவது நாள் காலை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய தேவாலயம் ஒன்று, அதன் கல்லறைத் தோட்டத்தில் அடர்த்தியான யூ மரங்கள். இருவரும் நடந்துகொண்டிருந்தோம். போனில் 'கோல்ட்கிரஸ்ட்' என்று பெயர் வந்தது. மறுபடி, மறுபடி அதே பெயர் மின்னியது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஆப் தப்பா சொல்லுதும்மா" என்றேன். ஆப் தப்பு செய்யும்தான், கண்ணால் பார்த்து உறுதி செய்வதுதான் சரி.

அவள் நின்று என்னையே பார்த்தாள். "அப்பா, நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா? இவ்ளோ சத்தமா பாடுதே!"

கையைக் காட்டினாள். பத்தடி தூரத்தில், கிளை நுனியில், உச்சந்தலையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு துளிப் பறவை. பிரிட்டனின் மிகச் சிறிய பறவை அது, எடை 5–6 கிராம்தான். பிபி பேஷண்ட்டுகளிடம் 'ஒரு நாளைக்கு இவ்வளவுதான் உப்பு' என்று நான் சொல்கிற அந்த ஒரு டீஸ்பூன். அலகு திறந்து மூடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கோல்ட்கிரஸ்டின் பாட்டு மிக மெல்லிய கீச்சு, கிட்டத்தட்ட 7000 ஹெர்ட்ஸ். வயதாகும்போது காது முதலில் இழப்பது இந்த உயர் அதிர்வெண்களைத்தான். அது ஏன் என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எனக்கே நடக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபோது பறவை ஞாபகம் இல்லை. ஓபிதான் ஞாபகம் வந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பாட்டியின் மகன் போனில் இன்சுலின் அளவு சொன்னார். நான் 'எட்டு யூனிட்' என்று எழுதினேன். அவர் மறுபடி கூப்பிட்டபோது எடுத்த சிஸ்டர் வந்து, "சார், பத்துன்னு சொல்றாங்க" என்றார். லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மாஸ்க் போட்டுப் பேசுகிறார்கள், ஃபேன் சத்தம், கூட்டம் என்று இரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வீட்டில் "டிவியைக் குறைங்க" என்று மனைவி சொன்னால் கோபம் வேறு.

ஊர் திரும்பியதும் ஈஎன்டி நண்பரிடம் ஆடியோமெட்ரி எடுத்தேன். 2000 ஹெர்ட்ஸ் வரை நார்மல். அதற்குப் பிறகு கோடு சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. இரண்டு காதிலும்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண், அது நன்றாகக் கேட்கும். ச, த, ப மாதிரி மெய்களைப் பிரித்துக் காட்டுவது உயர்ந்த அதிர்வெண், அதுதான் போய்விடும். அதனால் 'சத்தம் கேக்குது, வார்த்தை புரியல' என்கிற நிலை. 'எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க' என்று நாம் சண்டை போடுவது இதனால்தான்.

உள்காதில் இருக்கும் நுண்ணிய ஹேர் செல்கள் மனிதனுக்கு ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும்! 1980களிலேயே கண்டுபிடித்த விஷயம். அந்தக் குருவிக்கு இருக்கும் வசதி எனக்கு இல்லை.

கேட்கும் திறன் குறைவதை வயசான கணக்கில் தள்ளிவிடாதீங்க. மறதி நோய்க்கு, நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்களில் இதுவும் ஒன்று என்று லான்செட் கமிஷன் 2017லிருந்து சொல்லி வருகிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெஸ்ட் வலிக்காது, அரை மணி நேரம் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கலாம்.

நான் மெஷின் போட்டுக்கொண்டேன். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. இப்போது மருந்தின் அளவைப் போனில் யார் சொன்னாலும் திரும்பச் சொல்லிக் கேட்டுத்தான் எழுதுகிறேன், மெஷின் இருந்தாலும்.

மெஷினோடு ஒரு நாள் மொட்டைமாடிக்குப் போனேன். முருங்கை மரத்தில் மெல்லிசாக ஒரு சத்தம். தேன்சிட்டு! நாலைந்து வருஷமா அது வர்றதே இல்லைன்னு எல்லாரிடமும் வருத்தப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது தினமும் வருதே" என்றார்.

வெளியூர் போனால் காலையில் ஒரு மணி நேரம் பறவைக்கு ஒதுக்குங்க. கூட ஒரு இளவயசுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்காதது எதுவும் இருந்தா, ஊர் வந்ததும் காது டெஸ்ட் எடுத்துடுங்க.