சமனலவெவக் கரையோரம் ஒரு நடை

நடை என்றால் எங்கள் பெண்களுக்கு ஒரு வேலையின் பகுதிதான். குடத்தோடு கிணற்றுக்கு நடந்தோம். கொழுந்துக் கூடையோடு மலையேறினோம். பிள்ளைகளையும் பொட்டலங்களையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தோம். ஸ்கொட்லாந்தில் ஏரிக்கரை வழியே நடப்பதற்கென்றே மக்கள் விடுமுறையில் போகிறார்கள். சும்மா பார்த்துக்கொண்டு நடக்க எங்கள் நாட்டிலும் இடங்கள் உண்டு. அதிலொன்று சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்திலுள்ள சமனலவெவ.

சிங்களத்தில் ‘சமனல’ என்றால் வண்ணத்துப்பூச்சி, ‘வெவ’ என்றால் குளம். பெயரில் குளமாக இருந்தாலும் இது வளவை கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். பெலிகுல் ஓயா வளவையில் கலக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே அணை நிற்கிறது. உயரம் 110 மீற்றர், நீளம் 530 மீற்றர். 1992இல் நீர் நிரப்பினார்கள். இங்கிருந்து சுரங்க வழியாகப் போகும் நீர் 120 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியது.

என்னோடு வந்தவர் கிளிநொச்சியில் நெல் செய்கை பண்ணும் ஒரு தங்கை. அவருடைய தாயார் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது, லயத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. 1977இலும் 1983இலும் இப்படிப் போனவர்கள் பலர். இதை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கும் இது சொந்தக் கதையாக இருக்கலாம். தாயார் 2009இல் வன்னியிலேயே இறந்துபோனார்.

கரையோரப் பாதையில் நாங்கள் காலையில் நடந்தோம். நீர் வற்றியிருந்ததால் செம்மண் கரை படிபடியாகத் தெரிந்தது. ஒருபுறம் நீலமாக நீர், மறுபுறம் புல்மேடு, வடக்கே மத்திய மலைநாட்டின் சுவர். தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“அக்கா, அம்மா ஆத்தைப் பத்தித்தான் சொல்லுவா. குளத்தைப் பத்திச் சொன்னதேயில்லை.”

சொல்லியிருக்க முடியாது. தாயார் போன பதினொரு வருடங்களுக்குப் பிறகுதான் இந்தக் குளம் வந்தது.

இந்த மேடுகளுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. அணை வருவதற்கு முன்பு இங்கே ஆய்வு செய்த பிரித்தானியத் தொல்லியலாளர் கில் ஜுலெஃப், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளில் இரும்பு உருக்கிய உலைகளைக் கண்டார். அவை ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழையவை. துருத்தி ஊத ஆள் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்றே உலையை எரித்தது. 1994இல் அதேபோன்ற உலை கட்டி உருக்கியும் பார்த்தார்கள். 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் இது வெளிவந்தது. அந்த இடங்களில் சில இப்போது நீருக்குள் இருக்கின்றன.

அணையருகே நின்றபோது கசிவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1992இலேயே வலது கரைப் பாறையின் ஊடாக நீர் வெளியேறத் தொடங்கியது. 1998இல் மண்ணை நீருக்குள் கொட்டி அடைத்துப் பார்த்தார்கள். கசிவு முழுதாக நிற்கவில்லை. ஆனால் மின்நிலையத்துக்குப் போகும் நீர் கல்தொட்டை வயல்களுக்குக் கிடைப்பதில்லை. கசிந்து போகும் நீர்தான் அந்த விவசாயிகளுக்கு உதவுகிறது.

“முழுக்க அடைச்சிருந்தா வயலுக்கு என்ன செய்யிறது?” என்று தங்கை உடனே கேட்டார். வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருந்து பழகியவரின் கேள்வி அது. வயலுக்கென்று அணையிலிருந்து திறந்துவிட வேண்டும், திறந்தால் அந்தளவுக்கு மின்சாரம் குறையும் என்றேன். “அப்ப அங்கயும் எங்கட சண்டைதான்” என்று சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

பின்னேரம் தாயாரின் தோட்டத்திற்குப் போனோம். எந்த லயம் என்று தெரியாது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த வயதான அம்மா ஒருவர், “யாரு வீட்டுப் புள்ளம்மா?” என்று கேட்டார். தங்கை தாத்தாவின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. இருந்தாலும், “வந்துட்டீங்கல்ல, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று உள்ளே கூட்டிப் போனார். அடுத்த முறை தன் மகளையும் கூட்டிவரப்போவதாகத் தங்கை அவரிடம் சொன்னார்.

போக விரும்புவோருக்கு: கொழும்பு – மட்டக்களப்பு வீதியில் இரத்தினபுரி, பலாங்கொடை கடந்து பெலிகுல் ஓயாவில் இறங்கலாம். ஆனி முதல் புரட்டாதி வரை காற்று பலமாக வீசும். மழைக்காலத்தில் அட்டைக்கடிக்கு உப்பு வைத்திருங்கள். கரை சேறாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் நீரில் இறங்க வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். கையில் சுமை அதிகம் வேண்டாம்.